பன்னிரண்டு கை ராட்டினம்

ஜூன் 10, திங்கள்

கோவையிலிருந்து இங்கே வரும்வரை கருவிப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் குழந்தையோ என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அதன் விலையைச் சொல்லியிருந்தால் அவரும் ஒரு கை தாங்கியிருப்பார்.

நாளையிலிருந்து இந்த ஊர்ப் பொருட்காட்சியின் ராட்சத ராட்டினம்தான் என் ஆய்வுக்கூடம். போன வருடம் வேறெங்கோ ஒரு ஊரில் ராட்டினக் கை முறிந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். அதிலிருந்து ராட்டினம் என்றாலே அதிகாரிகள் பேனாவை மூடிவிடுகிறார்கள். கருவி வைத்துக் கண்காணித்தால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். "எங்க பொண்ணு செய்வா" என்று என் நெறியாளர் தேவசகாயம் சார் முந்திக்கொண்டார். அந்தப் பொண்ணு நான்தான். முனைவர் பட்டத்துக்கு மூன்றாவது நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறேன், நான்காவது கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ராட்டினம் எனக்கு நல்ல வரைபடம் கொடுத்தால் டாக்டர் மங்கையர்க்கரசி. கொடுக்காவிட்டால் வெறும் மங்கையர்க்கரசி, அது ஏற்கெனவே போதுமான அளவு நீளம்.

ராட்டினத்துக்குச் சொந்தக்காரர் சுடலைவடிவு. நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் விசில், இடுப்பில் சாவிக்கொத்து. "ஒங்க மிசின் கரண்டு ரொம்ப இழுக்குமா மேடம்?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஒரு குண்டு பல்பு அளவுதானுங்க்கா."

"அப்போ இருந்துட்டுப் போட்டும்" என்றார். வடிவக்கா என்று கூப்பிடச் சொன்னார். பிடித்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

நாள் முழுக்க ஒட்டும் வேலை. ராட்டினத்துக்குப் பன்னிரண்டு கை. அச்சிலிருந்து வட்டம் வரை நீளும் இரும்புச் சட்டத்தைத்தான் கை என்கிறார்கள். ஒவ்வொரு கையையும் கீழே கொண்டுவந்து நிறுத்தி, துடைத்து, கண்ணாடி இழையை ஒட்டினோம். கூட இருந்தவர் ஃபிட்டர் லூர்து அண்ணன். இந்த ராட்டினத்தின் ஒவ்வொரு நட்டும் அவருக்கு உறவுமுறை.

"இந்த முடி என்ன செய்யும் மேடம்?" என்று கேட்டார். இழை முடி அளவுதான் இருக்கும் என்பதால் அவருக்கு அது முடி.

"அந்த இழைக்குள்ள ஒரு எடத்துல கண்ணுக்கே தெரியாத கோடுக வரிசையா இருக்குதுங்கண்ணா. கீற்றணின்னு பேரு. வெளிச்சத்தை உள்ள விட்டா மத்த நிறத்தையெல்லாம் போக விட்டுட்டு ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இரும்பு இழுபட்டா இழையும் இழுபடும். கோடுகளுக்கு நடுவுல சந்து பெருசாகும், திரும்பி வர்ற நிறம் துளியூண்டு மாறும். அதை அளந்தா எவ்வளவு இழுபட்டுதுன்னு தெரிஞ்சுரும்."

"பன்னண்டு கைக்கும் ஒரே முடிதான ஓடுது? எது எந்தக் கைன்னு எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம் குடுத்திருக்கோம். பள்ளிக்கூடத்துல பேர் வாசிக்கற மாதிரிதான். அவங்கவங்க நிறம் வந்தாத்தான் 'உள்ளேன் ஐயா' சொல்லுவாங்க."

அதுவரை ரொம்பப் பிடித்திருந்தது அவருக்கு. அடுத்தது பிடிக்கவில்லை. வெயிலில் காய்ந்தாலும் நிறம் மாறும், பாரம் இழுத்தாலும் மாறும், எதனால் மாறியது என்று இழைக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கையிலும் ஒட்டிய கீற்றணிக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டாமல், தளர்வாக வளைத்துத் தொங்கவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டோம். இது பாரம் சுமக்காது, சூட்டை மட்டும் உணரும். அதிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் நிற்பது பாரம். ஆய்வேட்டின் உயிரே இந்தக் கழித்தல்தான்.

"ராட்டினத்துல எதுவும் தொங்கக் கூடாது மேடம்" என்றார். துப்பட்டா தொங்கக் கூடாது, சீரியல் செட் வயர் தொங்கக் கூடாது, ஆயுத பூசைக்குக் கட்டிய மாலைகூட மறுநாள் காலையில் இருக்கக் கூடாது. அவர் தொழிலில் அதுதான் முதல் சட்டம். இது தொங்கித்தான் ஆகவேண்டும் என்றேன். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் ஆட்டுவது போலத் தலையை ஆட்டினார்.

ஜூன் 13, வியாழன்

மணல் மூட்டை ஏற்றிச் சோதனை. கை கீழே வரும்போது கோடு ஏறுகிறது, மேலே போனால் இறங்குகிறது. பன்னிரண்டு கையும் பன்னிரண்டு அலை. புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே வந்தது. சந்தோஷத்தில் இரண்டு டெல்லி அப்பளம் சாப்பிட்டேன். ஒவ்வொன்றும் என் முகத்தைவிடப் பெரிது.

எங்களுக்கு எதிர்க்கடையில் காய் நறுக்கும் கருவி விற்பவர் மைக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார். "வெங்காயம் நறுக்கலாம் அழ வேண்டாம்." அறைக்கு வந்த பிறகும் காதுக்குள் நறுக்குகிறார்.

ஜூன் 14, வெள்ளி

திறப்பு விழா. கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று விடியற்காலையிலிருந்தே லூர்து அண்ணன் ராட்டினத்தைத் துடைத்து, பெயிண்ட் தொட்டு, மாப்பிள்ளைபோல ஆக்கிவிட்டார். நாதஸ்வரம், மைக், வெங்காயம் எல்லாம் ஒரே நேரத்தில். நடுவில் ஏணிமேல் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "மேடம், முடி தொங்குது" என்று கத்தினார். தலையைத் தொட்டுப் பார்த்தால் கிளிப் கழன்று பாதி முடி முதுகில் கிடக்கிறது. அத்தனை பேர் முன்னால் இதையா சொல்வார் ஒரு மனிதர்? வெட்கமாகப் போய்விட்டது. "சரி பண்ணிடலாங்கண்ணா" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் போய் இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

அதிகாரி என் கணினித் திரையை இரண்டு நிமிடம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அப்போது ராட்டினம் ஓடவே இல்லை.

ஜூன் 15, சனி

முதல் முழு நாள் ஓட்டம். பன்னிரண்டு கையும் நேர்கோடு. அலையே இல்லை. ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், கோடு அசையவில்லை. இவ்வளவு திடமான ராட்டினமா என்று எனக்கே ஆச்சரியம். மனிதர்கள் மணல் மூட்டையைவிட லேசு, அச்சுக்குப் புது கிரீஸ் வேறு போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இருக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

கூட்டமான கூட்டம். கோடு நேர்.

சாருக்குப் படம் அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டார். ஐந்து வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது இது இரண்டாவது முறை. "மங்கை, அற்புதம்மா. சூட்டை இவ்வளவு சுத்தமா யாரும் கழிச்சது கிடையாது. கருத்தரங்குக்கு இதைத்தான் அனுப்பப் போறேன்" என்றார். "அற்புதம்" என்ற சொல் அவருக்குத் தெரியும் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

ஜூன் 18, செவ்வாய்

வடிவக்கா கில்லாடி. டிக்கெட் கவுண்டரில் ஒரு கரும்பலகையை மாட்டிவிட்டார். "விஞ்ஞானி சோதித்த ராட்டினம். இன்றைய பாதுகாப்பு: நூற்றுக்கு நூறு." அடியில் தினமும் நான் கையெழுத்துப் போடவேண்டும். கூடவே மைக்கில், "கோவை விஞ்ஞானி மங்கையர்க்கரசி மேடம் நேரடி கண்காணிப்பில்" என்று அறிவிப்பு. நான் இன்னும் விஞ்ஞானி ஆகவில்லை, மாணவிதான் என்றேன். "மாணவின்னு போட்டா எவன் ஏறுவான்?" என்றார். நியாயம்தான்.

கூட்டம் பக்கத்து ராட்டினத்தை விட்டுவிட்டு இங்கே வருகிறது. ஒரு அம்மா என்னிடம் வந்து, "நீங்கதானா அந்தப் பிள்ளை? ஒங்கள நம்பித்தான் ஏறுதோம்" என்று சொல்லிவிட்டு மூன்று பிள்ளைகளோடு ஏறிப்போனார். பெருமையாக இருந்தது என்றுதான் எழுதவேண்டும்.

ஜூன் 19, புதன்

நேர்கோடு. மிளகாய் பஜ்ஜி. கையெழுத்து.

ஜூன் 20, வியாழன்

நேர்கோடு கொஞ்சம் அதிகமாகவே நேராக இருக்கிறது. திரையில் தெரிவது கழித்த மிச்சம் மட்டும்தான். ஒட்டிய இழை என்ன சொன்னது, தொங்கும் இழை என்ன சொன்னது என்பதெல்லாம் அசல் கோப்பில் தனித்தனியாக இருக்கும். திறந்து பார்க்கலாம். பெரிய கோப்பு, கணினி திணறும். துணி நிறையச் சேர்ந்துவிட்டது, துவைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசினேன். செருப்பு தைக்கக் கொடுத்தேன். கோப்பு திறக்க நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 22, சனி

மாலையில் ஒரு கபடிக் குழு வந்தது. ஒவ்வொருவரும் ஒரு பீரோ. எல்லோரும் ஒரே பக்கத் தொட்டில்களில் ஏறி உட்கார்ந்தார்கள். மோட்டார் முனகியது எனக்கே கேட்டது. கோடு மட்டும் அசையவில்லை. "பாத்தியளா மேடம், நம்ம ராட்டினம் யானை ஏறினாலும் தாங்கும்" என்று வடிவக்கா எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பஜ்ஜியில் சமையல் சோடா அதிகம் போடுகிறார்கள் போல.

ஜூன் 23, ஞாயிறு

மத்தியானம் சார் கூப்பிட்டார். கருத்தரங்குப் படத்துக்குத் தொங்கும் இழையின் கோடு தனியாக வேண்டுமாம். உடனே அனுப்பச் சொன்னார். துவைக்கத் துணி எதுவும் மிச்சமில்லை. திறந்தேன்.

தொங்கும் இழை ஆடிக்கொண்டிருக்கிறது. ராட்டினத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்குகிறது. ஒட்டிய இழை எப்படி ஆடுகிறதோ அப்படியே, அண்ணன் தம்பி மாதிரி. அது சூட்டை மட்டுமே உணரவேண்டிய இழை. வெயில் ஒரே சுற்றில் ஏறி இறங்குமா? இரண்டும் ஒன்றுபோல ஆடினால் கழித்த மிச்சம் பூஜ்யம்தானே வரும். எட்டு நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது பூஜ்யம், கையெழுத்துப் போட்டதும் பூஜ்யத்துக்கு.

ஓடினேன். ராட்டினம் கூட்டத்துக்காக நின்றிருந்தது. லூர்து அண்ணனை அழைத்து ஒரு கையின் மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே எம்-சீல், குழாய் ஒழுகினால் அடைக்கிற அதே பசை. இழையின் வளையம் முழுவதையும் இரும்போடு சேர்த்து எம்-சீலுக்குள் புதைத்து, கட்டை விரலால் வழித்து, மேலே பெயிண்ட்கூடத் தொட்டிருந்தார். அவ்வளவு சுத்தமான வேலையை நான் ஒட்டியதில்கூடப் பார்த்ததில்லை.

"என்னங்கண்ணா இது?"

"முடி தொங்குதுன்னு சொன்னேம்லா மேடம். சரி பண்ணிடலாம்னு நீங்கதான சொன்னிய? பன்னண்டு கையிலயும் ஒட்டிட்டேன்."

"நான் என் முடியச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் என் கொண்டையைப் பார்த்தார். நான் எம்-சீலைப் பார்த்தேன். சிரித்திருக்கலாம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அறைக்குப் போகாமல் காய் நறுக்கும் கடைக்குப் பின்னால் தரையிலேயே உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். சூடு மெதுவாகத்தான் மாறும், பாரம் சுற்றுக்குச் சுற்று மாறும். அதனால் ஒட்டிய இழையின் வேகமான ஆட்டத்தை மட்டும் பிரித்தால் பாரம் ஓரளவு கிடைக்கும். முன்பே போட்டிருக்கவேண்டிய கணக்கு. ஏழாவது கையின் ஆட்டம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது. முதல் நாளைவிட இப்போது ஒன்றரை மடங்கு.

வடிவக்காவிடம் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முடியிலிருந்தே ஆரம்பித்தேன். ஏழாவது கை வரைக்கும் சொல்லி முடித்தேன்.

"கை முறிஞ்சிருமா?"

"தெரியலீங்க்கா."

"முறியாதா?"

"அதுவும் தெரியல. எழை ரெண்டும் ஒட்டிட்டதால என் கணக்கே அரைகுறை. ஆனா ஏழாவது கை சரியில்லைன்னு தோணுது."

"எதுவுமே தெரியாமத்தான் தெனமும் நூத்துக்கு நூறுன்னு கையெழுத்துப் போட்டியளா?"

வடிவக்கா வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரச் சம்பாத்தியம் ஒரே சாயங்காலத்தில் வருகிற நாள். ராட்டினத்தைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து நீளமாக ஊதி, மைக்கைப் பிடித்து, "மோட்டார்ல சின்ன வேல இருக்கு, மன்னிக்கணும், டிக்கெட் துட்ட திருப்பி வாங்கிக்கிடுங்க" என்றார். கூட்டம் கூச்சல் போட்டது. என் பெயரையும் சேர்த்துத்தான் திட்டினார்கள், மைக்கில் அவ்வளவு சொல்லி வைத்திருந்தோமே.

அதன் பிறகு வடிவக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 24, திங்கள்

லூர்து அண்ணன் காலையிலேயே ஏழாவது கையைக் கீழே நிறுத்தி, வெல்டிங் இருக்கிற இடமெல்லாம் பெயிண்டைச் சுரண்டினார். விரிசல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி அடிக்கவேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும்.

வரவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்தோம். ஏழாவது கை வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"சுத்தம்" என்றார் லூர்து அண்ணன். பன்னிரண்டு கையிலிருந்தும் எம்-சீலைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் தன் கையாலேயே வழித்துச் செய்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பெயிண்ட் கொட்டுது, தள்ளி நில்லுங்க" என்றார்.

வடிவக்கா, "புதன்கெழம ஓட்டிரலாம்" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தரவு எல்லாம் போச்சு மங்கை. கருத்தரங்குக்குப் போனதைத் திரும்ப வாங்கணும். அதிகாரிக்கும் எழுதணும். இனி அங்க இருந்து என்ன பண்ணப் போற, கிளம்பி வா" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறைக்கு வந்து நன்றாக அழுதேன். வெங்காயம் என்று காரணம் சொல்லலாம், ஆனால் திங்கட்கிழமை அந்தக் கடைக்கு விடுமுறை.

ஜூன் 25, செவ்வாய்

பஸ் சாயங்காலம் ஏழரைக்கு. பெட்டி கட்டியாயிற்று. கருவியை மட்டும் பொருட்காட்சி முடிந்ததும் லூர்து அண்ணன் கழற்றி அனுப்புவதாகச் சொன்னார். மத்தியானம் செய்ய வேலையில்லாமல் கட்டிலில் படுத்துக்கொண்டு பன்னிரண்டு கைகளின் படத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். குற்றவாளி என்று நினைத்ததால் ஏழாவதை மட்டும்தான் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது கை ரொம்பச் சாது. பன்னிரண்டிலும் குறைந்த ஆட்டம் அதற்குத்தான். சும்மா ஒரு பார்வைக்கு நல்ல பிள்ளை. ஆனால் முதல் நாள் அது அப்படி இல்லை, எல்லாவற்றையும் போல ஆடியிருக்கிறது. ஏழாவது ஏற ஏற, ஆறாவது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இது ஏறிய அளவும் அது இறங்கிய அளவும் கிட்டத்தட்ட ஒன்று.

பார்க்காமலே இருந்திருக்கலாம். ஏழு மணிக்கு ஆட்டோ வரச்சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு தடவை கைகாட்டி, கூட்டத்தைக் கலைத்து, ஒன்றுமில்லை என்று ஆனவள். மறுபடியும் போய் என்ன முகத்தோடு சொல்வது? சார் கிளம்பச் சொல்லிவிட்டார். நான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆட்டோக்காரருக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்றேன். "காத்திருப்புக் கூலி?" என்றார். இன்னும் கிளம்பவே இல்லையே என்றேன். "மனசளவுல கெளம்பிட்டேன்" என்றார்.

ஜூன் 26, புதன்

காலை எட்டு மணிக்கே மைதானத்துக்குப் போனேன். வடிவக்காவும் லூர்து அண்ணனும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாவது கை என்றேன்.

லூர்து அண்ணன் இட்லியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு ஏழுன்னிய. இன்னைக்கு ஆறுங்கிய. நாளைக்கு அஞ்சும்பியளா? கையை ஏலமா விடுதிய?"

சிரிப்பு வந்தது எனக்கு. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏன் ஆறு?" என்று வடிவக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"அக்கா, நாலு பேர் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்குத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வச்சுக்கோங்க. அதுல ஒருத்தன் சும்மா கையை மட்டும் வச்சுக்கிட்டு வந்தா, யாருக்கு மூச்சு வாங்கும்?"

"பக்கத்துல தூக்குதவனுக்கு."

"நான் மூச்சு வாங்கறவனத்தான் பிடிச்சேன். ஏழாவது கை நல்ல கை. ஆறாவது தூக்கறதில்ல, அதனால ஏழு சேர்த்துத் தூக்குது. முன்னாடி ஆறும் தூக்கிட்டுத்தான் இருந்துச்சு. எதனாலயோ நிறுத்திருச்சு."

வடிவக்கா கையைக் கழுவினார். "அப்பிடி ஒரு ஆளு எங்க வீட்டுலயே இருந்தாரு" என்றார். "சாகுற வரைக்கும் அவரத்தான் எல்லாரும் அமைதியான மனுசன்னு சொன்னாங்க." பிறகு என்னைப் பார்த்து, "நிச்சயமா?" என்றார்.

"இல்லீங்க்கா. தெரியல. ஆனா பார்க்காம யாரையும் ஏத்தாதீங்க."

"எத்தன நாளா ஒனக்கு இந்தத் 'தெரியல'ங்கிறத சொல்லத் தெரியாம இருந்துச்சு?" என்று கேட்டார். மேடம் போய்விட்டது. வியாழக்கிழமையிலிருந்தே என்று சொன்னேன். துணி துவைத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "லூர்து, சாயத்த எடு" என்று மட்டும் சொன்னார்.

ஆறாவது கை கீழே வந்தது. அச்சுக்குப் பக்கத்தில், கை போய்ச் சேரும் இடத்து வெல்டிங்கில் லூர்து அண்ணன் பெயிண்டைச் சுரண்டினார். புதுப் பெயிண்ட், அதற்குக் கீழே பழைய பெயிண்ட், அதற்கும் கீழே இன்னொன்று. மூன்று கோட்டுக்குக் கீழே இரும்பு வந்தது. சாயம் அடித்தார், காத்திருந்தோம், துடைத்தார். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. அவர் முகத்தில் 'சொன்னேம்லா' வந்து உட்கார ஆரம்பித்தது. வெள்ளைப் பொடியை அடித்தார்.

முதலில் ஒரு புள்ளி. லூர்து அண்ணன் ஏதோ தெறித்துவிட்டது என்று விரலை நீட்டினார், நீட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. புள்ளி இரண்டு பக்கமும் நீண்டது. வெல்டிங்கின் ஓரமாகவே போய், வளைவில் திரும்பி, கையின் அந்தப் பக்கம் போனது. அவர் சுற்றிப்போய்ப் பார்த்தார். "இங்கயும் வருது" என்றார். அவர் குரலே இல்லை அது. முக்கால் சுற்று சிவப்பு. கால் சுற்று இரும்புதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

லூர்து அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு விலைப் பெட்டியின் மேல் உட்காரக் கூடாது என்பதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

வடிவக்கா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். கோட்டைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழம நாம நிறுத்துன பொறவு ஒரு வேன் வந்துச்சு" என்றார். "டியூசன் பிள்ளைய. அம்பாசமுத்திரத்துல இருந்து. இருபது இருக்கும், எல்லாம் இத்தாந்தண்டி, எம் இடுப்பு ஒசரம்கூட இல்ல. ராட்டினம் ஏறத்தான் வந்துதாம், வேற ஒண்ணுக்கும் இல்லையாம். ஓடாதுன்னேன். கூட வந்த டீச்சரம்மா என்னய என்ன பேச்சு பேசுனா தெரியுமா. பிள்ளையள ஏமாத்திட்டேனாம். வெளங்கவே மாட்டேனாம்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நானும் பதிலுக்கு நல்லா ஏசிட்டேன் ஏட்டி" என்றார். அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "ஏசியிருக்கக் கூடாது. வெளங்க மாட்டேன்னு சொல்லிட்டாளேன்னு ஏசிட்டேன். பிள்ளைய எல்லாம் வேன்ல ஏறி, கைய ஆட்டிக்கிட்டே போச்சு."